முரசன்று, விசைப்பலகை: விளாம்புலத்திலிருந்து ஆழியூர் வேந்தருக்கு

நலம் பெருகுக. கடல் பார்த்த மாடத்தில் வீற்றிருந்து, பசி வந்தால் பந்தி, கோபம் வந்தால் படை என்று இரண்டே ஆணைகளால் நாடாளும் ஆழியூர்க் கோமான் பெருஞ்சேந்தனார் திருமுன்புக்கு, போர்க்களம் கண்டறியாத பெருமானும், பட்டத்து யானையின் பல்வலி தீர்த்த கருணையரும், அடுத்தவர் எல்லைக்கல்லைத் தொட்டும் பாராதவருமான விளாம்புலத்து வேந்தர் இளந்தத்தனார் திருவாய்மொழிப்படி, அவருடைய தலைமை அமைச்சர் வெண்கோடன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மாரி பொய்யாது பெய்க. தங்கள் ஆநிரை பெருகுக. தங்கள் படை இவ்வோலை படித்து முடிந்ததும் வந்த வழியே நலமாக வீடு போய்ச் சேர்க.

ஆற்றின் அக்கரையில் அப்படை கூடாரம் அடித்து, எங்கள் வாழைத்தோப்பைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருக்கிறது. நீராட்டிய போர்முரசை ஒப்படைக்க, மறுத்தால் நாமே வந்து எடுப்போம் என்ற தங்கள் கட்டளையும் வந்தது. கேட்ட அரசர் அவை அறியாதபடி மோர் வாங்கிக் குடித்துச் சமாளித்தார். ஐயா பெருமானே, எங்களிடம் முரசே இல்லை. இருந்த ஒன்றையும் போன மழைக்காலத்தில் எலி தின்றுவிட்டது. தங்கள் ஒற்றன் தாழியன் தாழம்புதரில் ஒளிந்து கண்டதும் கேட்டதும் ஒரு பழைய விசைப்பலகை. அது இங்கே வந்த கதையைப் பொறுமையாகக் கேட்டருள்க. அதற்குள் கூடாரக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாலும் பிழையில்லை.

எங்கள் அரண்மனையில் அரசரின் வாய்மொழியை ஓலையில் ஏற்றும் ஓலைநாயகம் கொற்றிநங்கை. அரசரோ வாய் திறந்தால் மூடமாட்டார். மாங்காய் எப்போது பறிக்கலாம், மழையில் யார் யார் நனையலாம் என்பதற்கெல்லாம் ஆணை பிறப்பிப்பார். எழுத்தாணி பிடித்துப் பிடித்து நங்கையின் மணிக்கட்டு பூசணிப் பிஞ்சாக வீங்கியது. ஒரு விசைப்பலகை வாங்கித் தாருங்கள், இல்லையேல் மாங்காய் ஆணையைத் தாங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று அவர் அரசரிடமே சொல்லிவிட்டார். கட்டையை அழுத்தினால் அடியிலுள்ள சுருள்வில் அமுங்க, எழுத்தாணி தானே எழுந்து ஓலையைக் கீறும் அந்தப் பொறி தங்கள் நாட்டில் வீட்டுக்கு வீடு உண்டு. எங்களுக்குப் புதியது வாங்க வக்கில்லை. கருவூலத்தில் இருந்ததெல்லாம் யானையின் கடைவாய்ப் பல்லுக்குப் போய்விட்டது. அரசர் மனமிரங்கித் தந்த சுருக்குப்பையில் சுருக்குக் கயிறு மட்டுமே கனத்தது.

அதை இடுப்பில் செருகிக்கொண்டு நங்கை ஆற்றங்கரைச் சந்தைக்குப் போனார். அங்கே தங்கள் ஊர்ப் பழஞ்சாமான் வணிகர் ஒருவரின் கடையோரத்தில் ஒரு விசைப்பலகை கிடந்தது. அதன்மேல் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. நங்கை கோழியிடம் பொறுத்தருளச் சொல்லி எழுப்பிவிட்டு விலை கேட்டார். ஆழியூர் அரண்மனையிலேயே கழித்த பொருள் அம்மா, பெரிய இடத்துச் சாமான் என்று வணிகர் நெஞ்சை நிமிர்த்தினார். பெரிய இடத்தில் இவ்வளவு அழுக்கா என்று நங்கை கேட்ட ஒரே கேள்வியில் விலை பாதியாக இறங்கியது. கோழி மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

வீட்டில் கொண்டுவந்து பிரித்தபோது அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். உள்ளே முடி, பொரி, ஒரு கரப்பான் குடும்பம், அதற்கும் அடியில் காய்ந்து பாறையாகிப்போன பாயசம். அந்தப் பாயசத்தில் நெய்யில் வறுத்த முந்திரி பாதி ஒட்டியிருந்தது. மற்ற பாதி எந்தத் திருவயிற்றில் சென்றது என்று நாங்கள் ஆராயவில்லை. அரச மரியாதை எங்களுக்கும் தெரியும்.

பிறகு நங்கை சோறு தண்ணீர் மறந்தார். ஒடிந்த சுருள்வில்லுக்கு மாற்றாக அரசியாரின் கிளிக்கூண்டுக் கம்பியை உருவி எழுத்தாணியில் சுற்றிப் புதிய வில் செய்தார். கிளி இப்போது அவையில் பறந்தபடி அமைச்சரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. காணாமற்போன கட்டைகளுக்கு அரசரின் தாயக்கட்டைகளை அறுத்து ஒட்டினார். அரசர் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டம் அத்தோடு நின்றதால் அவரும் மறுக்கவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம்விடும் நீளக்கட்டை மட்டும் கடகடவென்று மாட்டுவண்டி போல ஆடியது. அதை அடக்க அடியில் பட்டுத்துணி திணித்தார். அது அமைச்சரின் விழாக்கால அங்கவஸ்திரம். அமைச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை.

வழுக்கிச் செல்லட்டும் என்று முதலில் நெய் தடவினார். மறுநாள் எறும்புகள் சாரை சாரையாக வந்து பலகையை ஆண்டன. சுங்கவரி ஆணையில் எழுத்தை விட எறும்பு அதிகம் இருந்ததால் அந்த வரி இன்றுவரை வசூலாகவில்லை. கடைசியில் விளக்கெண்ணெயை அரசியாரின் மை தீட்டும் கோலால் தொட்டு, ஒவ்வொரு கட்டைக்கும் குழந்தைக்கு மருந்து தடவுவது போலத் தடவினார். அதன்பின் கட்டைகள் வெண்ணெயாக இறங்கின. நங்கை தனியாக உட்கார்ந்து சிரித்ததை அரண்மனையே பார்த்தது.

வினை, அதற்கும் முன்பே, கட்டைகளைக் கழற்றிக் கூடையிலிட்டுக் கழுவப் போனபோது வந்தது. கொல்லையில் ஒரு குடம் சீயக்காய்த் தண்ணீர் போதும் என்றார் நங்கை. எங்கள் மரபுக்காவலரோ வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அரசன் சொல் எதன் வழியே வெளிப்படுகிறதோ அது முரசுக்கு நிகர், முரசு நிகரானதை நீராட்டுவதானால் குடை, சங்கு, கட்டில், பட்டு இத்தனையும் வேண்டும், அதுதான் எங்கள் குல வழக்கம் என்று பிடிவாதம் பிடித்தார். கூடையிலிருந்த கட்டைகள் முரசுக் கட்டிலில் ஏறி, பட்டுப் போர்த்தி, வெண்குடை நிழலில் ஆற்றுக்குப் பவனி போயின. சங்கூதியவர் சும்மா ஊதியிருக்கலாம். வீரமாக வேறு ஊதித் தொலைத்தார். தாழம்புதரில் இருந்தவருக்கு அது போருக்கு முன் முரசை நீராட்டும் சடங்காகத் தெரிந்ததில் வியப்பென்ன?

அத்துடன் விட்டோமா? ஓசை எப்படி இருக்க வேண்டும் என்று அரண்மனை இரண்டுபட்டது. டொக்கென்று ஊர் கேட்க ஒலித்தால்தான் ஆணை என்றார் அரசர். பகல் தூக்கம் கெடும், பூனை நடப்பது போல இருக்க வேண்டும் என்றார் அரசியார். அரசர் பலகையைப் பலாமரப் பெட்டியின்மேல் வைத்துக் கோபுரத்திலிருந்து தட்டச் சொல்வார். அரசியார் இலவம்பஞ்சு திணித்துக் கீழே அனுப்புவார். நடுவில் கொற்றிநங்கை படியேறி இறங்கியே இளைத்துப்போனார். அந்தக் கோபுரத்துத் தடதடப்பைத்தான் படைப் பயிற்சி என்று தங்கள் ஒற்றன் எழுதி அனுப்பினான்.

தங்கள் கட்டளை வந்தபின் அவை ஆலோசித்தது. இது முரசன்று என்றால் ஆழியூரார் நம்புவார்களா, கொடுத்துவிடுவதே மேல் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கொற்றிநங்கை எதிர்த்துப் பேசவில்லை. போரென்று வந்தால் எத்தனை வீட்டில் அடுப்பு அணையும், ஒரு பலகைக்காக அந்தப் பாவம் வேண்டாம், கொண்டுபோகட்டும் என்றார். அவரே அதைத் துணியில் பொதிந்தார். விளக்கெண்ணெய்ச் சிமிழை உடன் வைத்தார், மை தீட்டும் கோலை வைத்தார். போகிற இடத்தில் இதன்மேல் யாரும் எதையும் வைத்துத் தின்னக்கூடாது என்று சொல்லுங்கள் ஐயா என்று அமைச்சரிடம் கேட்டுக்கொண்டார். பிறகு முடிச்சைப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார். அவர் கண்ணீர் துணியில் சொட்டியதை அவை முழுதும் கண்டது. அமைச்சர் அங்கவஸ்திரத்தை அப்போதே மன்னித்தார்.

முரசைப் பெற்றுச் செல்லத் தாங்கள் அனுப்பிய தாழியனே மாட்டுவண்டியோடு வந்தான். சரிபார்க்க வேண்டும் என்று முடிச்சை அவிழ்த்தான். தோல் எங்கே, அடிக்கும் குணில் எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். சந்தேகத்தோடு ஒரு கட்டையை அழுத்தினான். டொக். சற்று நின்று இன்னொன்றை அழுத்தினான். கொற்றிநங்கை ஓர் ஓலையை எடுத்துப் பொருத்தினார். அவன் விரலால் தேடித் தேடித் தட்டியது தன் பெயரை. ஒற்றன் பெயரை எந்த நாட்டிலும் எழுதி வைப்பதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தன் பெயரை ஓலையில் முதன்முறை பார்த்த அந்த ஆள் மீசையைத் துடைத்துக்கொண்டு அழுதான். இது முரசன்று, நான் பிழைபடச் சொல்லிவிட்டேன், இதைக் கொண்டுபோகவும் மாட்டேன், ஆனால் உண்மையைச் சொன்னால் எங்கள் அரசர் என் தலையைக் கேட்பாரே என்று விம்மினான்.

ஆகவே எங்கள் வேந்தர் தங்களை வேண்டிக்கொள்வதாவது: பவனி எங்களுடையது, சங்கு எங்களுடையது, ஊதிய வீரமும் எங்களுடையதே. தாழியன் கண்டதைக் கண்டபடி சொன்னான், அவன் தலை அவன் கழுத்திலேயே இருக்கட்டும். படையைத் திருப்பியருள்க. அவர்கள் வழிக்கு இரண்டு வண்டி விளாம்பழமும் வெல்லமும் அனுப்புகிறோம். பலகை மீது இன்னும் ஐயம் இருந்தால் தாங்களே எழுந்தருளி, ஒரு வரி தட்டிப் பாருங்கள். தட்டிய பின்னும் போர் செய்ய மனம் வந்தால், அப்போது பேசிக்கொள்வோம். பழைய உடைமையின் நினைவாக, பாதி முந்திரியை இலையில் மடித்து இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

எங்கள் கோட்டைக் காவலர்க்கு அரசர் இட்ட ஆணையும் இதில் அடக்கம்: ஆழியூர்க் கோமான் வந்தால் வாசல்கள் அனைத்தையும் திறந்து, பூரண கும்பத்தோடு வரவேற்று, பட்டத்து யானையை மண்டியிடச் செய்க. பாயசத்தோடு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, குடித்து முடித்து, கை கழுவிய பின் உள்ளே விடுக.

ஞாயிறும் திங்களும் சாட்சியாக, யானைப்பல் இலச்சினை இட்டது. அரசர் சொல்ல அமைச்சர் வெண்கோடன் சொற்படுத்த, ஓலைநாயகம் கொற்றிநங்கை பக்கத்தில் அமர்ந்து பிழை திருத்த, இவ்வோலையை விசைப்பலகையில் தட்டினேன், ஆழியூர் ஒற்றன் தாழியன். இவை என் எழுத்து.