மட்டி சூப்பும் துரைசானியின் பல்லும்

15 செப்., வெள்ளி

மழை வருகிற மாதிரி மூட்டம். வராது.

இரும்புலியூர் மகாஜனங்களுக்கு இதனால் தெரிவிப்பது யாதெனில்: நாளை மாலை நம் இல்லத்தில் மட்டி சூப்பு காய்ச்சப்படும். வெடி, வாணவேடிக்கை கிடையாது.

பெண்கள் ஸ்கூல் தலைமையாசிரியை, அமெரிக்கத் துரைசானி (இனி து.சா.), சாப்பிட வருகிறாள். அவள் ஊரில் மட்டிச் சிப்பியைப் பாலில் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுவார்களாம். பெயர் சௌடர். எனக்கென்னவோ சவடால். சித்தி யாரிடமோ கெஞ்சி, செய்முறை டைப் அடித்த தாள் வாங்கி வைத்திருக்கிறாள். சூப்பு பிடித்தால் சமையல் டீச்சர் வேலை அவளுக்கு. ஜூனில் அப்பா கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் கேட்டது இது ஒன்றுதான்.

கிடைக்காது. நான் இருக்கிறேன்.

மட்டம் போட்டு மேட்னி போனதை அப்பாவிடம் சொன்னது யார்? என் முழங்காலில் பிரம்பு வரி நாலு. சித்தி உட்காருவது அம்மாவின் நாற்காலியில் வேறு.

சாமான்: பால், ஏடு தனியாக. வெண்ணெய். உருளை. வெங்காயம். மைதா. மிளகு. மிளகாய் இல்லை. பாவம் அமெரிக்கா.

16, சனி

வெயில். கோவளத்து மீன்காரம்மா கூடை நிறைய மட்டி. சித்திக்கு உபதேசம்:

"உப்புத் தண்ணில போட்டு வைம்மா, வாயத் தொறந்து மண்ணக் கக்கும். நல்ல தண்ணின்னா மூடிக்கினு கெடக்கும். மண்ணு அத்தினியும் உள்ளயே நின்னுரும்."

சித்தி கேட்டாள். நானும் கேட்டேன். வாளியில் இரண்டு கை உப்பு. அவள் மாட்டுக்காரர் வீட்டுக்குப் பால் வாங்கப் போனாள். உப்புத் தண்ணீர் சாக்கடைக்கு. கிணற்றுத் தண்ணீர் வாளிக்கு. மூன்றே நிமிஷம். மட்டிகள் மௌனவிரதம்.

வெந்த தண்ணீரைத் துணியில் வடித்தாள். பாலை மட்டும் ருசி பார்த்தாள். சதை ஒரு கிண்ணம்தான் தேறியது. து.சா.வுக்கு வேண்டும் என்று ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. மட்டியிலும் மட்டி.

பி.கு. மாலை. வெற்றி. எதிர் நாற்காலியில் நான். து.சா. முதல் ஸ்பூன்: "ஓ, எங்க அம்மா செய்றது மாதிரி." சித்தி முகம் பல்பு. இரண்டாவது ஸ்பூன்: கொர்ரக். கைக்குட்டை. கன்னம் ஒரு பக்கம் கோணல். பல் அடைப்பு பெயர்ந்து கைக்குட்டையில். நான் சிரிப்பை அடக்கித் தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

17, ஞாயிறு

மாதா கோயிலில் பிரசங்கம் நீளம். தூக்கம்.

பூசை முடிந்ததும் து.சா. அப்பாவைத் தனியே கூப்பிட்டாள். மதியம் அப்பா அதைச் சித்தியிடம் அப்படியே ஒப்பித்தார். "சமையல் வகுப்புல முதல் பாடமே கழுவுறதுதானாம். அதையே உன்கிட்ட எப்படி ஒப்படைக்கிறதுன்னு கேக்குறாங்க." வேலை குரோம்பேட்டைப் பெண் ஒருத்திக்கு. சித்தி அந்த டைப் தாளை நாலாக மடித்து அடுப்பில் போட்டாள். எரிய நேரமாயிற்று.

நான் ஜெயித்தேன். இரவு ரசம். உப்பு சரியாக இருந்தது.

18, திங்கள்

தூறல். கணக்குப் பரீட்சை, சுமார்.

கிணற்றடியில் சித்தி. கத்தவில்லை.

"அன்னிக்கு தொரசானி படி எறங்கினதுமே மீதி வாளித் தண்ணிய நாக்குல வெச்சுப் பாத்தேன். கரிக்கவேயில்ல. உனக்கு ஏதாவது தெரியுமாப்பா?"

"தெரியாது சித்தி."

"சரி. நான் கேட்டத அப்பாகிட்ட சொல்லாத" என்றாள். கயிற்றை இழுத்தாள்.

சனிக்கிழமைப் பக்கத்தில் பி.கு. முக்கால்வாசி புளுகு. எதிர் நாற்காலியில் நான் இல்லை. து.சா. படியேறியதுமே கொல்லைக் கக்கூஸில் தாழ் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கொர்ரக், கைக்குட்டை, கோணல் எல்லாம் பிற்பாடு அப்பா திட்டியதிலிருந்து நான் ஒட்டுப்போட்டது. சிரிக்கவும் இல்லை. என் காதால் கேட்டும் எழுதாமல் விட்டது ஒன்று. து.சா. போனபின் அப்பா கத்தி ஓய்ந்ததும், சித்தி சொன்னது:

"நான்தாங்க சரியா ஊற வைக்கல."

அதற்குள் அவள் அந்தத் தண்ணீரை ருசி பார்த்திருந்தாள்.