படத்தில் தெரியும் கை

12.6.2013, புதன். மண்ணூர்.

ரப்பர் கறுப்பு, அதனால் டயரும் கறுப்பு என்று இணையக் கலைக்களஞ்சியத்தில் எவனோ எழுதியிருந்தான். கரித்தூள் சேர்ப்பதால்தான் கறுப்பு என்று திருத்தினேன். ஆதாரம் கேட்டார்கள். தினமும் கலப்பவனே நான்தான் என்றேன். அது ஆதாரமாகாதாம். ஆத்திரத்தில், செல்போனே கொண்டுபோகக் கூடாத எங்கள் டயர் பிளான்ட்டுக்குள், கரித்தூள் சேர்க்காத வெளுத்த ரப்பரை இடது கையில் பிடித்துப் படமெடுத்துப் போட்டேன். உடனே நம்பிவிட்டார்கள்.

இன்று சூப்பர்வைசர் அந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டினார். "நம்ம பிளான்ட்டுதான். கட்டவிரல்ல தழும்பு கீது பாரு. எவன்னு தெரிஞ்சா வூட்டுக்குப் போயிட வேண்டியதுதான்."

படத்தை நீக்கிவிடச் சொல்லிக் கலைக்களஞ்சியத்துக்கு இப்போது எழுதினேன். நல்ல படமாயிற்றே, காரணம் சொல்லுங்கள் என்கிறார்கள்.

மத்தியானம் கேன்டீனில் இடது கையை மேசைக்கடியில் வைத்தே சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த முருகன், "கையில இன்னா, அடியா?" என்றான். ஆமாம் என்றுவிட்டேன். விடிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டும். பிறகு ஒருநாள் அவிழ்க்கவும் வேண்டும்.