ஒன்பதாம் கூண்டின் தட்டு

2001 ஜூலை 2, திங்கள்

பொம்மசந்திரா மருந்துக் கம்பெனியின் பன்னிரண்டு குரங்குகளுக்கும் நான்தான் பாதி டாக்டர் என்று காலையில் விவேக் நகர் டீக்கடையில் சொன்னேன். "மீதிப் பாதி யாரு, குரங்கா?" என்றான் கூட்டாளி தியோடர். இருக்கட்டும். தீனி வைப்பவன் என்றால் எவன் டீ வாங்கித் தருவான்?

ரெஜிஸ்டர் எழுதுவதும் நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்தை, குரங்குச் சோதனையைக் கண்காணிக்கும் சர்க்கார் கமிட்டி படிக்கிறது. மற்றவன் 'சரி' என்று எழுதுவான். நான், 'ஒன்பதாம் நம்பர் ஆசையாகச் சாப்பிட்டது, விளையாடியது' என்று அலங்காரமாக எழுதுவேன், வாசலில் நின்றபடியே. தட்டு காலி என்றால் போதாதா? எடை? போன மாத எடையோடு நூறு கிராம் கூட்டிக்கொள்வேன்.

பேனாவைத் திறந்தால் பன்னிரண்டும் சத்தத்தை நிறுத்திவிடும். மரியாதை.

ஜூலை 5, வியாழன்

இன்று பேனாவைத் திறக்கவில்லை. நோட்டை மட்டும் எடுத்தேன். அப்போதும் நிறுத்திவிட்டன.

கூண்டு கழுவும் பாஞ்சாலி சொன்னாள்: "நான் வந்தா கத்துதுங்கண்ணே. நீ வந்தாதான் சாவு வூடு மாதிரி ஆவுது."

பொறாமை.

ஜூலை 9, திங்கள்

எங்கள் கால்நடை டாக்டர் தமயந்தி மேடம் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை கமிட்டி ஒப்புக்கொண்டால் ஒன்பதுக்கு இரண்டாவது ஆபரேஷன். உடம்பு தேறாததை மறுபடி அறுக்கக் கூடாது என்பது சட்டமாம். "உங்க ரெஜிஸ்டர்தான் சாட்சி. ஒரு நாள்கூட சாப்பாடு குறையல. நல்லா எழுதியிருக்கீங்க."

கமிட்டியே கடிதம் போட்டுப் பாராட்டியதாக வீட்டில் சொன்னேன்.

ஜூலை 11, புதன்

கிட்டே இருந்து பார்த்தால் இன்னும் அலங்காரமாக எழுதலாமே என்று உள்ளே போய் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

ஒன்பது ஒரு வேர்க்கடலையை எடுத்தது. என்னைப் பார்த்தபடியே கம்பி வழியாகப் பத்தாம் கூண்டுக்கு நீட்டியது. பத்து வாங்கிக்கொண்டது. இன்னொன்று. பிறகு வாழைப்பழத் துண்டு. அவசரமே இல்லை. தட்டு காலியாகும் வரை, ஒவ்வொன்றாக. தான் ஒரு வாய் தின்னவில்லை. தையலுக்கு மேலே விலா எலும்பை எண்ணலாம்.

மற்றவை அதைப் பார்க்கவில்லை. நோட்டைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தன.

எத்தனை நாளாய் இப்படி? யாரைக் கேட்பது? ரெஜிஸ்டரையா? அத நான்தானே எழுதுனேன் —

ஜூலை 13, வெள்ளி

வேலை போனாலும் போகட்டும் என்று கமிட்டி முன்னால் சொல்லிவிட்டேன். மேடம் கேட்டார், "எந்தெந்த நாள் பொய்?"

"எந்த நாள் நெசம்னு கேளுங்க மேடம். முந்தாநாள் மட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. ஆபரேஷன் ரத்து. கூடவே இரண்டு வருடச் சோதனையும் செல்லாது என்றார்கள். "மறுபடி முதல்லேர்ந்து" என்றார் மேடம். என்னிடம் இல்லை, சுவரிடம்.

ஜூலை 30, திங்கள்

பன்னிரண்டையும் வேனில் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நம்பர் உயிரோடுதான் ஏறியது.

ஆகஸ்ட் 20, திங்கள்

இரண்டு வாரம் சஸ்பெண்டு செய்துவிட்டு என்னையே திரும்பக் கூப்பிட்டார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

அதே சோதனையை மறுபடி செய்ய இன்று லாரியில் புதிதாகப் பன்னிரண்டு வந்தன. நான் உண்மையைச் சொன்னதால் வந்தவை.

மார்பில் நம்பரைப் பச்சை குத்தும்போது ஒவ்வொன்றையும் நான்தான் பிடித்துக்கொண்டேன். ஏழாவது சின்னது. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, குத்தி முடியும் வரை விடவில்லை. அதை அப்படியே ரெஜிஸ்டரில் எழுதினேன்.

மேடம் படித்தார். எட்டாவதைக் கொண்டுவரச் சொன்னார்.