அப்பா பூசிய இடம்

மார்ச் 3

மகள் அறை சீலிங்கில் விரிசல். புது ஃபிளாட், பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. வாரண்டி இருக்கிறது, சொன்னால் கட்டிய கம்பெனிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். ஆனால் நாளை மச்சான் வருகிறானே! "என்ன மாமா, வீட்டுக்கு அதுக்குள்ள வயசாயிடுச்சா?" என்பான். ஏணி போட்டு நானே பட்டி பூசிவிட்டேன். கீழிருந்து மனைவி, "விழுந்தா உங்களுக்கு வாரண்டி கிடையாது, பாத்து" என்றாள்.

மார்ச் 4

மச்சான் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. சாப்பிட்டான், போனான்.

மார்ச் 19

காலையில் மகள் பல் தேய்க்க எழுந்து போனாள். பின்னாலேயே தடால் என்று — சீலிங் பூச்சு பெயர்ந்து கட்டில் மேல். தலையணை மேல் என் கை அகலத்துக்கு ஒரு பாளம். இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தால் — வேண்டாம். எழுத வேண்டாம்.

"நீங்க பூசினதாலயாப்பா?" என்று கேட்டாள். நான்தானா? ஒரு மச்சானுக்குப் பயந்து நானா இதைச் செய்தேன்?

மார்ச் 20

கம்பெனி இன்ஜினியர் வந்தார். உளறுவாயன் நான், முதல் வார்த்தையே, "விரிசலை நான்தான் சார் பூசினேன்."

"அப்ப வாரண்டி வராது சார். வெளியாள் கை வெச்சா அவ்வளவுதான்."

என் வீட்டில் நான் வெளியாள்!

மனைவி அண்ணாந்து பார்த்தாள். "இவர் கை வெச்ச இடம் எதுன்னு பாருங்க சார்."

அப்போதுதான் நானும் பார்த்தேன். நேற்றிலிருந்து கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மடையன். சுற்றிலும் வெறும் கான்கிரீட். ஜன்னல் ஓரத்தில் மட்டும் கோணல்மாணலாக ஒரு வெள்ளைத் திட்டு, என் கரண்டித் தடத்தோடு.

"அது மட்டுந்தான் விழல. விழுந்ததெல்லாம் உங்க ஆளுங்க பூசினது."

இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவர், "முழுசா திரும்பப் பூசிக் குடுத்துடறோம்மா" என்றார். என்னிடம் இல்லை, அவளிடம்.

ஏப்ரல் 11

வேலை முடிந்தது. கொத்தனார் என் திட்டையும் தட்டிப் பார்த்து, "கெட்டியா இருக்கு, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார். இத்தனை நாளாக எங்களோடு ஹாலில் படுத்த மகள், இன்று தன் அறைக்குத் திரும்பினாள்.

எட்டிப் பார்த்தேன். கட்டில் பழைய இடத்தில் இல்லை. ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டிருக்கிறாள் — என் திட்டுக்கு நேர் கீழே.