முதல் மழைக்கு விதைத்தேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி வழக்கம்போல, எனக்கு வாய் வழக்கம்போல என்று பக்கத்தில் உட்கார்ந்து அவளே எழுதச் சொல்கிறாள். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் என்றால் பாதியில் நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் தாளை எடுத்தேன்.

உங்கள் வானிலை அலுவலகத்திலிருந்து நீ தயாரித்து அனுப்பிய பருவ அறிக்கை வந்த அன்றே, நம் விதைக்கடை வாசலில் கரும்பலகையில் எழுதிவிட்டேன். நீ எழுதியபடியே எழுதினால் யாருக்கும் புரியாது என்று என் பாஷையில் எழுதினேன். முதல் மழை நேரத்துக்கு வரும், அதன்பின் மூன்று வாரம் காய்வதற்குப் பத்துக்கு ஏழு பங்கு வாய்ப்பு, இரண்டாம் மழைக்குக் காத்திருந்து விதைக்கவும் என்று. சலூன்காரர் மட்டும், மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பார்கள், உங்கள் மகளுக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டார். அவரை நான் விடவில்லை. இது ஜோசியம் இல்லை, கடலின் சூட்டை அளந்து, முப்பது நாற்பது வருஷத்து மழையோடு ஒப்பிட்டுச் சொல்வது என்று, நீ சொல்லிக்கொடுத்ததை எல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி அரைமணி நேரம் விளக்கினேன். உன் அத்தையும் கேட்டுக்கொண்டு நின்றாள். மாமா போன பிறகு அவளுக்கு இருப்பது ஓடையோரத்து ஒரு துண்டு நிலம், கையில் ஒரு தடவை விதைக்கத்தான் விதை. அண்ணன் சொன்னால் சரி, காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் மழை நீ சொன்ன வாரத்திலேயே வந்தது. இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. மண்ணுக்குள் கையை விட்டால் ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம். சாலைக்கு மேற்கே பாதிப் பேர் டிராக்டரை இறக்கிவிட்டார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்தில் மூன்று என்பதும் சின்ன எண்ணிக்கை இல்லையே, அந்த மூன்று நமக்குத்தான் என்று மனசு ஓதிக்கொண்டே இருந்தது. உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மேட்டு நிலம் முழுக்க மக்காச்சோளம் விதைத்துவிட்டேன். மறுநாள் காலை, காத்திருங்கள் என்று எழுதிய அதே பலகைக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தும்விட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

எட்டாம் நாள் முளை வந்தது. பச்சையைப் பாய் போட்டு மூடவா முடியும். அத்தை அந்த வழியாக வந்து பார்த்திருக்கிறாள். கடைக்கு வந்தவள், இருந்த ஆட்கள் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, மெதுவாகத்தான் கேட்டாள், "என்னைய நிறுத்தி வச்சிட்டு நீ விதைச்சிட்டியா அண்ணே?" அவள் சண்டைக்கு வந்திருந்தால் நானும் கத்திச் சமாளித்திருப்பேன். அப்படியென்றால் நானும் நாளைக்கே விதைக்கட்டுமா என்றாள். என் நிலம் அங்கே பச்சையாக நிற்கிறது. கடைசியில், "நான் செஞ்சது ஆசை, அவ எழுதினது கணக்கு. நீ கணக்கைக் கேளும்மா" என்றேன். படியிறங்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து பதினாறு நாள் அவள் என்னோடு பேசவில்லை. உன் அம்மாவும் சாப்பாட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

அந்தப் பதினாறு நாளும் எனக்கு இரண்டு மனசு. காலையில் வானத்தைப் பார்த்து, என் பயிருக்கு ஒரு தூறல் விழக்கூடாதா என்று நினைப்பேன். உடனே, விழுந்துவிட்டால் தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைப்பேன். மழை வரவில்லை. இலைகள் சுருட்டு மாதிரி சுருண்டன, பிறகு நுனி வெளுத்தது. நீ சொன்ன மூன்று வாரத்துக்கு மேலே மூன்று நாளும் கடந்துதான் இரண்டாம் மழை வந்தது. அதற்குள் என் மேட்டில் முக்கால்வாசி போய்விட்டது. அத்தை மண் பதம் பார்த்து இரண்டே நாளில் விதைத்து முடித்தாள், இப்போது அவள் நிலத்தில் சீப்பு வைத்துச் சீவினாற்போல் வரிசை வரிசையாக நிற்கிறது. விதைத்த மறுநாள் நம் மேட்டுக்கு வந்தாள். குனிந்து காய்ந்த பயிரைப் பிடுங்க ஆரம்பித்தாள். நானும் பக்கத்து வரிசையில் குனிந்தேன். மத்தியானம்தான் வாயைத் திறந்தாள். இனிமேல் பலகையில் கடைக்காரர் என்ன செய்தார் என்றும் ஒரு வரி சேர்த்து எழுது என்றாள். எழுதிவிட்டேன் கண்ணு. கடைக்காரர் முதல் மழைக்கு விதைத்தார், முக்கால்வாசி போச்சு என்று. ஊரே நின்று படித்துச் சிரிக்கிறது. ஆனால் சிரித்தவர்கள்தான் அடுத்த அறிக்கை எப்போது வரும் என்றும் கேட்கிறார்கள்.

அடுத்த தடவை, சொன்னது நடக்காமல் போனால் என்ன செய்யலாம் என்றும் இரண்டு வரி எழுது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல் பாதியை நிறுத்தி வைக்கலாமா என்பதுபோல. போன வருஷம் உன் அறிக்கை பொய்த்தபோது நீ போனில் அழுதாய், இதுக்கெல்லாமா அழுவார்கள், விட்டுத்தள்ளு என்று சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. ஒரே ஒரு தங்கச்சிக்குச் சொன்ன வார்த்தைக்கே எனக்குப் பதினாறு நாள் தூக்கம் போனது. நீ எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்கிறாய்.

மனசு தளராமல், கண் கெடாமல், நல்ல பெயரோடு நூறு வருஷம் இரு. அம்மாவும் அத்தையும் ஆசீர்வாதம் சொல்கிறார்கள். அறிக்கையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அடிக்கச் சொல், என் கண்ணாடிக்கு எட்டவில்லை.

உன் பேச்சைக் கேட்காத,
இனிமேல் கேட்கப்போகிற
அப்பா