சாய்ந்த கல் பெஞ்சு

‘அன்பே’ என்று எழுதினால் சிரிப்பாய். அதனால் வெறும் ‘உனக்கு’.

உன் அம்மாவின் முழங்கால் வலி போன மாதமே சரியாகிவிட்டதாக உன் தம்பி சொன்னான். சந்தோஷம்.

தோட்டத்துக் கல் பெஞ்சை நானே கட்டி முடித்துவிட்டேன். கருங்கல் கால்கள், மேலே வழவழப்பான கடப்பைக் கல், கலவையும் என் கையால் போட்டதுதான். ஆரம்பிக்கும்போதே நீ, “இது களிமண்ணுங்க. ஆழமாத் தோண்டி மணல் கொட்டாம கட்டுனா சாஞ்சிடும்” என்றாய். “கொத்தனார் நானா, நீயா?” என்று கத்தினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று நீ பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாய்.

போன வாரம் பெய்தது சாதாரண மழை இல்லை. பெஞ்சின் ஒரு பக்கம் ஒரு சாண் இறங்கிவிட்டது. தப்பு மழை மேல்தான்.

“இடிச்சிட்டு முதல்லேருந்து கட்டு மாப்ளே” என்றார் பக்கத்து வீட்டுப் பஞ்சநதம் மாமா. மாட்டேன் என்று சொல்லி, அவரையே மேட்டுப் பக்கம் உட்காரவைத்தேன். நான் பள்ளத்துப் பக்கம். பேசிக்கொண்டிருக்கும்போதே வழுக்கி வந்து என் தோளில் சாய்ந்தார். கோபித்துக்கொண்டு தள்ளி உட்கார நினைத்தாலும் அந்தப் பெஞ்சில் முடியாது.

மாமா அப்புறம் வரவில்லை. மேட்டுப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

பள்ளத்துப் பக்கத்திலிருந்து,
உன் கொத்தனார்