பெயர் வைக்காத பட்டன்கள்

அன்புக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்கு வாய்தான் அடங்கவில்லை, அதனால் ஆபீசில் மானம் கப்பலேறிய கதையை எழுதுகிறேன், சிரித்துக்கொள், மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லாதே.

மருந்துச் சரக்குக்கு ஆர்டர் போடவும் லீவு எழுதிக் கொடுக்கவும் ஆபீசில் ஒரே புது மென்பொருள் வந்திருக்கிறது. கண் போன பிறகும் நான் அந்த நாற்காலியில் இருப்பது திரையில் உள்ளதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் தயவில்தான், உனக்குத் தெரியும். மெயிலில் பேசுகிறது, கடிதம் அடித்தால் பேசுகிறது, இந்தப் புது மென்பொருளில் மட்டும் ஊமை. எனக்கு வந்ததே கோபம், இது கண் தெரியாதவனுக்கு ஆகாத மென்பொருள் என்று மேனேஜருக்குக் காரசாரமாக ஒரு மெயில் தட்டினேன், போதாதென்று ஆபீஸ் முழுக்க நகல் வேறு. அந்த அம்மா தன்மையாகத்தான் பேசினார், "சரிப்படலைன்னா உங்களை ஃபோன் எடுக்கற வேலைக்கு மாத்திடறேன் சார், எதுக்குக் கஷ்டப்படறீங்க" என்றார். ஃபோன் எடுப்பது ஒன்றும் கேவலமில்லை, ஆனாலும் எந்த மருந்து தீரப்போகிறது, எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் போக வேண்டும் என்று தலைக்குள்ளேயே வைத்து ஓட்டியவன் நான். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் வந்து பார்த்தாள். முதல் தடவை திறந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். என்ன செய்தேன், பட்டன் பட்டன் பட்டன் என்று ரீடர் ஒரேயடியாகப் பிராணனை வாங்கியது, வாயை மூடு என்று கையில் அகப்பட்ட கீயையெல்லாம் சேர்த்து ஓங்கி அமுக்கினேன் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "சார், நீங்க அமுக்கினது இந்த ஒரு மென்பொருள்ல மட்டும் ரீடரைத் தூங்க வைக்கற கீ. அது சொன்னதைக் கேட்டுத் தூங்கிடுச்சு" என்றாள். நானே தூங்க வைத்துவிட்டு நானே ஊர் முழுக்கப் புகார் கொடுத்திருக்கிறேன், என் புத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது சொல்லு.

எழுப்பிவிட்டாள். எழுந்ததும் மறுபடியும் பட்டன் பட்டன் பட்டன். அப்புறம்தான் புரிந்தது, பட்டனெல்லாம் வெறும் படம், கண் உள்ளவர்கள் படத்தைப் பார்த்து அமுக்குகிறார்கள், எதற்கும் பெயர் எழுதி வைக்கவில்லை, ரீடர் பாவம் எதைப் படிக்கும். சேமிப்பது என்று நினைத்து ஒன்றை அமுக்கினேன், ஆர்டரே அழிந்துபோயிற்று. புகார் நிஜம்தான், ஆனால் அசடு வழிந்தவன் இரண்டாம் தடவை போய் நின்றால் யார் நம்புவார்கள், கண்ணோடு புத்தியும் போச்சு என்பார்கள். பேசாமல் ஃபோன் பக்கம் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு வெட்கத்தைத் தூரப் போட்டுவிட்டு, முன்பு சொன்னது என் தப்பு, இப்போது சொல்வது மென்பொருளின் தப்பு என்று முன்பு நகல் போட்ட அத்தனை பேருக்கும் எழுதினேன். மேனேஜர் அறைக்குப் போய், அவர் கம்ப்யூட்டரிலும் ரீடரைப் போடச் சொல்லி, திரையை அணைத்துவிட்டு ஒரே ஒரு ஆர்டர் போடுங்கள் என்றேன். பட்டன் பட்டன் என்று கேட்டுக்கொண்டே எதையோ அமுக்கினார், "ஐயோ, என்னோட லீவு போயிடுச்சே" என்று அலறினார். அந்த லீவு என்னைக் காப்பாற்றியது. மென்பொருள்காரர்கள் வந்து ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைத்தார்கள், இப்போது சேமி, அனுப்பு, அழி என்று மணிமணியாகப் படிக்கிறது. ஃபோன் வேலைக்கு மாற்றுகிற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. நான் குரலை உயர்த்தினால் மட்டும், சாரைத் தூங்க வைக்க என்ன கீ என்று பக்கத்து மேஜையில் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

ஆகவே வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொன்னாயே, இப்போது வேண்டாம் கண்ணு, கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. இன்னொன்று, ஊரையே கூட்டிச் சண்டை போட்டவனுக்கு உன்னிடம் கேட்கத்தான் கூச்சமாக இருந்தது. நீ அனுப்புகிற குழந்தைப் படமெல்லாம் என் ஃபோனில் "படம்" என்று மட்டும்தான் கேட்கிறது. அம்மாவைக் கேட்டால் அழகா இருக்கான் என்பதோடு சரி. இனிமேல் படத்தோடு ஒரு வரி எழுது, என்ன செய்கிறான், சிரிக்கிறானா, எந்தப் பல் முளைத்திருக்கிறது என்று. நீ எழுதினால்தான் அவன் எனக்குத் தெரிவான்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா